யாரு ஆரம்பிச்சது?

என் அக்கா புருஷன் ஒரு சண்டைக்குள் நுழைந்தால் முதலில் இரண்டு பக்கத்துக்கும் ஆளுக்கு ஓர் அறை விழும். விசாரணை அதற்குப் பிறகுதான். "யாரு ஆரம்பிச்சது?" என்பார். ஆரம்பித்தவன் இன்னான் என்று தெரிந்துவிட்டால் அவனுக்கு இன்னும் விழும். மற்றவனைப் பார்த்து, "நீ போய் டீ குடி" என்று அனுப்பிவிடுவார். எனக்கு எதற்கு முதல் அறை என்று அவன் கேட்டால், "அது சண்டைய நிறுத்துறதுக்கு. கணக்குல வராது" என்பார்.

மரக்காணம் உப்பளத்தில் மூட்டை ஏற்றும் ஆட்களுக்கு அவர் மேஸ்திரி. நான் அந்த உப்பைப் புதுச்சேரி கடைகளுக்குக் கொண்டுபோகிற குட்டியானை வண்டி ஓட்டுகிறேன். அதனால் மாமாவை நான் வீட்டில் பார்த்ததைவிட உப்பளத்தில் பார்த்ததுதான் அதிகம்.

ஒரு நாள் காலை லோடு ஏற்றும்போது இரண்டு பேருக்குள் வாய்த் தகராறு முற்றி, ஒருவன் மூட்டைக் கொக்கியை இன்னொருவன் தொடையில் இறக்கிவிட்டான். உப்புக் குவியலின் சரிவில் ரத்தம் ரோஸ் நிறத்தில் இறங்கியது. மாமா ஓடிவந்தார். கொக்கி வைத்திருந்தவனுக்கு ஓர் அறை. கீழே கிடந்தவனுக்கும் ஓர் அறை. தலைத்துண்டை அவிழ்த்து அவன் தொடையை இறுக்கிக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"யாருடா ஆரம்பிச்சது?"

"அவன்தான் மேஸ்திரி. எங்கம்மாவ இழுத்துப் பேசினான்" என்றான் கொக்கிக்காரன்.

குத்துப்பட்டவன் மறுக்கவில்லை. மாமா அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு என் வண்டியை நோக்கி நடந்தார். நடக்கும்போதே அவன் முதுகில் அடித்தார். "அவங்கம்மா உனக்கு இன்னாடா பண்ணாங்க? சொல்லு, இன்னா பண்ணாங்க?" வண்டியிலும் அடித்தார். ஆஸ்பத்திரி வாசல்வரை அடித்தார். உள்ளே போனதும், "இவனுக்கு ரத்தம் வேணும்னா என்னுத எடுங்க" என்று நர்ஸிடம் கையை நீட்டினார். கொக்கிக்காரனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது அவருக்குப் பிடிக்கவே இல்லை. "ஆரம்பிக்காதவனப் புடிச்சா எப்படி?" என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருமுறை தெருநாய் அவர் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அவர் நாயைத் தொடவில்லை. ரத்தம் ஒழுக ஒழுகத் தெரு முழுக்க விசாரித்து, அதன் மேல் கல் எறிந்தவன் டீக்கடையில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்து, அங்கேயே வைத்து அவன் பல்லை உடைத்தார். அதற்குப் பிறகுதான் ஊசி போட்டுக்கொள்ளப் போனார்.

மாமா குடிக்க மாட்டார். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பீடி மட்டும்தான். உப்பளத்தில் மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், கொட்டகையில் ஒதுங்கி நின்று பீடி பிடித்தபடி என்னிடம் சொன்னார்: "எங்கப்பா கேக்காமயே அடிப்பாரு மச்சான். வீட்ல ஒரு சொம்பு காணாப் போனா எங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு அடிப்பாரு. நான் அப்படி இல்ல. நான் கேட்டுட்டுத்தான் அடிக்கிறேன்." இதை அவர் பெருமைக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே தன்னை நியாயஸ்தன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அக்காவும் உப்பளத்தில் வேலை செய்தவள்தான். பாத்தியில் இறங்கி உப்பு வாருவாள். வாய் அதிகம். கல்யாணமான புதிதில் அவர் கை நீட்டியபோது அவள் சொன்னது தெருவுக்கே தெரியும். "ஊர்ச் சண்டையில நீ ஜட்ஜி. நம்ம வீட்டுச் சண்டையில நீதான் ரவுடி, நீதான் போலீசு, நீதான் ஜட்ஜி." அவர் அதற்குச் சிரித்தார். அன்றைக்கு அடி நின்றது. இன்னொரு நாள் விழுந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவளை அழைத்து வந்துவிடலாம் என்று அம்மா ஒவ்வொரு பொங்கலுக்கும் அழுவாள். அக்காதான், "எனக்குச் சமாளிக்கத் தெரியும்" என்பாள்.

வெகுநாள் கழித்துப் பிறந்தாள் பாப்பா. அவளுக்குப் பேர் இருக்கிறது; ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் வந்த பிறகு மாமா சாயங்காலம் ஆனால் நேராக வீட்டுக்கு வந்தார். அவளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போவார். அவள் தலைமுடியைப் பிடித்து இழுப்பாள், காதைக் கடிப்பாள், மூக்கில் குத்துவாள். "குத்துடி, இன்னும் குத்து" என்பார். அக்காவின் முகத்தில் கொஞ்சம் சதை போட்டது அந்த நாட்களில்தான்.

பாப்பாவுக்கு மூன்று வயது நடக்கும்போது ஒரு நாள் குளிப்பாட்டிக்கொண்டிருந்த அக்காவின் கையில் ஏதோ தட்டுப்பட்டது. வயிற்றின் இடது பக்கம், விலா எலும்புக்குக் கீழே, கல்லைப் போலக் கெட்டியாக இருந்தது. அழுத்தினால் குழந்தைக்கு வலிக்கவில்லை. "சோத்த உருட்டி உள்ள வச்சிருக்குது" என்று மாமா சிரித்தார். அந்த வாரமே பாப்பா மூத்திரம் போன இடம் சிவந்திருந்தது. அதைப் பார்த்து அவர் சிரிப்பு நின்றது. மரக்காணத்து ஆஸ்பத்திரியில் தொட்டுப் பார்த்த டாக்டர், உடனே புதுச்சேரிக்குப் போகச் சொன்னார். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இடது கிட்னியில் கட்டி. புற்றுநோய்தான். குழந்தைகளுக்கு வருகிற வகை. மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கிவிட்டு ஆபரேஷன் செய்வார்கள், குணமாக நிறைய வாய்ப்பு இருக்கிறது என்று சொன்னார்கள்.

குணமாகும் என்று சொன்னதை அக்கா பிடித்துக்கொண்டாள். மாமா வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும்போது வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தார். "எப்படி மச்சான் வரும்? பால்குடி மறந்தே இன்னும் ஒழுங்கா ஒரு வருஷம் ஆவல. அது யாருக்கு இன்னா பண்ணுச்சு? யாராவது ஏதாவது பண்ணாம எப்படி வரும்?"

மறுநாள் நான் போனபோது வீட்டு வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். அவருடைய அத்தை ஒருத்தி பாப்பாவைப் பார்க்க வந்தவள், "வயித்துப் புள்ளையோட உப்புத் தண்ணியில நின்னாளே, சூடு உள்ள எறங்காம இருக்குமா?" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அது போதுமாக இருந்தது.

"வேணாம்னு சொன்னேனா இல்லியா? ஏழாம் மாசம் வரைக்கும் பாத்தியில நின்னது யாரு?" என்று உள்ளே அவர் கத்துவது கேட்டது.

"நீதான்யா வீட்ல அரிசி இல்லன்னு அனுப்பின" என்றாள் அக்கா.

அறை விழுந்த சத்தம் வாசலுக்குக் கேட்டது. நான் உள்ளே ஓடினேன். அக்கா துவைக்கிற கல்லின் மேல் சாய்ந்து கிடந்தாள். இடது காதைப் பொத்திய கைவிரல்களுக்கு இடையில் ரத்தம் மெல்லிய கோடாக வந்தது. அவர் மறுபடியும் கையை ஓங்கினார். சுவரில் சாய்த்திருந்த உப்பு வாரும் பலகையை எடுத்து அவர் முதுகில் போட்டேன். பலகையின் கம்பு முறிந்தது. அவர் திரும்பி என் கழுத்தைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதினார். நான் அவர் முகத்தில் குத்தினேன். அவர் என்னைக் கீழே போட்டு மேலே உட்கார்ந்தார். தோளில் எலும்பு உடைந்த சத்தம் எனக்குள்ளேயே கேட்டது. பாப்பா வாசற்படியில் நின்று வீரிட்டு அழுதாள். அந்தச் சத்தத்தில்தான் விட்டார். குழந்தையைத் தூக்க அவர் போனபோது அவள் அவரிடம் போகாமல் அக்காவின் மடிக்குள் புகுந்துகொண்டாள்.

அக்காவின் காது ஜவ்வு கிழிந்துவிட்டதாக டாக்டர் சொன்னார். சீழ் பிடித்து, அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை. நான் கையைத் துணியால் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டேன். வண்டியை நண்பன் ஓட்டினான். பாப்பாவுக்கு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது.

மாமா தேடுவதை விடவில்லை. டீக்கடையில் ஒருவன் சொன்னான், உப்பங்கழி ஓரத்தில் இருக்கிற இறால் பண்ணையில் மருந்து கலந்த தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள், அது மாமா குடியிருந்த தெருக் கிணற்றில் ஊறுகிறது என்று. கிணற்றுத் தண்ணீர் ருசி மாறியிருந்தது உண்மைதான். டீயைக் குடித்து முடிக்காமலே மாமா எழுந்து போனார். உச்சி வெயிலில் கடப்பாரையோடு பண்ணைக்குள் நுழைந்து, குட்டைத் தண்ணீரில் காற்றைக் கலக்கச் சுற்றிக்கொண்டிருந்த காற்றாடிகளை ஒவ்வொன்றாக உடைத்தார். மோட்டாரை உடைத்தார். காவலுக்கு இருந்தவர் கூனிமேட்டுக்காரர், ஒரு பாய், ஐம்பது வயது இருக்கும். அவர் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"ஏம்பா, நான் வாட்ச்மேன்பா. ஓனரு மெட்ராஸ்ல இருக்காரு. எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா."

"தெரியாமத்தான் காவல் காக்குறியா?" என்று கேட்டு மாமா கடப்பாரையை இறக்கினார். தலைக்கு வந்ததைப் பாய் கையால் தடுத்தார். கை தொங்கிப் போயிற்று. கீழே விழுந்தவரின் வாயில் காலால் உதைத்தார். பக்கத்துக் குட்டையில் வேலை செய்தவர்கள் வந்து பிடித்துக் கட்டிப்போட்டார்கள். இதையெல்லாம் அவர்கள்தான் எங்களிடம் சொன்னார்கள்.

பாப்பாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனபோது அவள் அப்பா கிளைச்சிறையில் இருந்தார். காகிதங்களில் அக்கா கையெழுத்துப் போட்டாள். கிட்னியையும் கட்டியையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். நல்லபடியாக முடிந்தது என்று சொன்னதும் அக்கா தரையில் உட்கார்ந்து இட்லி கேட்டாள். ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து அவள் வாய்விட்டு எதையும் கேட்டுச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

நான் போய் மாமாவிடம் சொன்னேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர் அழுதார். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "எங்கேருந்து ஆரம்பிச்சதாம்? கட்டிய வெளிய எடுத்துட்டாங்கல்ல, இப்ப தெரிஞ்சிருக்கும்ல?"

"நான் கேக்கல மாமா."

"கேக்கலியா?" என்று வலையில் நெற்றியை மோதினார். காவலர் வந்து இழுத்துக்கொண்டு போகும்வரை மோதினார்.

ஜாமீனில் வந்ததும் குளிக்காமல்கூட நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் கூடப் போனேன். வார்டில் இருந்த இளம் டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "இதுக்கு காரணம்னு ஒண்ணும் இல்லீங்க. இது அப்படி வர்றதுதான்." மாமா அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். "காரணம் இல்லாம எதுவும் வராது சார். தெரிலன்னா தெரிலன்னு சொல்லு." செக்யூரிட்டிகள் ஓடி வந்தார்கள். ரிப்போர்ட் விஷயமாக வார்டுக்கு வந்திருந்த ஒரு டாக்டரம்மா குறுக்கே வந்தார். மாமாவின் மார்பு உயரம்தான் இருப்பார். "அவரை விடுங்க" என்று மாமாவிடம் சொன்னார். பிறகு செக்யூரிட்டியிடமும் அதையே சொன்னார். "உங்க பாப்பா கட்டிய அறுத்துப் பார்த்தது நான்தான். எங்கேருந்து ஆரம்பிச்சதுன்னு தெரியணுமா? கைய மடக்கிக்கிட்டு வாங்க, காட்டுறேன்."

அவர் அறையில் மைக்ராஸ்கோப் இருந்தது. ஒரு கண்ணாடிச் சில்லை வைத்து மாமாவைக் குனியச் சொன்னார்.

"இது பாப்பாவோட நல்ல கிட்னி. கட்டி இல்லாத ஓரத்துலேர்ந்து எடுத்தது. வட்டம் வட்டமா, குழாய் குழாயா தெரியுதா? மூத்திரத்த வடிகட்டுறது இதுதான்." சில்லை மாற்றினார். "இது கட்டி."

"நீலமா இருக்குது. புள்ளி புள்ளியா அடைச்சிக்கிட்டு."

"பார்க்கத் தெரியணும்னு நாங்க ஏத்துன நிறம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு செல்லு. நாம எல்லாரும் அம்மா வயித்துல இருக்கும்போது இந்த மாதிரி செல்லுங்கதான் நமக்குக் கிட்னியக் கட்டும். கட்டி முடிச்சதும் அதுங்களே கிட்னியா மாறிடும். பொறக்கறதுக்குள்ள எல்லாம் மாறிடணும். இதுல கொஞ்சம் மாறல. இன்னும் வயித்துக்குள்ள இருக்கிற மாதிரியே, கிட்னி கட்டுறேன்னு பெருகிக்கிட்டே இருந்துச்சு. ஓரத்துல பாருங்க, குழாய் மாதிரி ஏதோ கட்டப் பார்த்திருக்குது. அதுக்கு வரல."

மாமா வெகுநேரம் பார்த்தார். நிமிராமலே கேட்டார். "அப்ப இதுங்கதான் ஆரம்பிச்சதா?"

"ஆமா."

"இதுங்கள ஆரம்பிக்க வச்சது யாரு?"

"யாரும் இல்ல. ஒரு செல்லு ரெண்டாப் பிரியும்போது உள்ள இருக்கிறத அப்படியே பார்த்து எழுதிக்கணும். அதுல எங்கியோ எழுத்து தப்பா விழுந்திருக்குது. சில குடும்பத்துல பரம்பரையா வரும். உங்க பாப்பாவுக்கு அப்படித் தெரியல."

"நான் பீடி குடிப்பேன்."

"விட்டுடுங்க. பெரியவங்களுக்கு வர்ற கிட்னிக் கட்டி வேற. அது வளர்ந்து முடிஞ்ச கிட்னியில, நல்லா வேலை செஞ்சிட்டிருந்த குழாய் செல்லு கெட்டுப்போய் வர்றது. அதுக்குப் பீடி ஒரு காரணம். இதுக்கு இல்ல."

"எம் பொண்டாட்டி வயித்துப் புள்ளையோட உப்புல நின்னா."

"அதனாலயும் இல்ல. அவங்க நின்னது, நடந்தது, சாப்பிட்டது எதனாலயும் இல்ல."

மாமா கடைசியாக அதைக் கேட்டார். "இறால் பண்ணைத் தண்ணி?"

"அந்தப் பண்ணை எப்ப வந்துச்சு?"

"பாப்பா பொறந்து, தவழ்ற நேரம்."

"பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடியே இதுங்க இங்க இருந்துச்சுங்க" என்றார் டாக்டரம்மா. "தண்ணி கெட்டுப்போச்சுன்னா அதுக்குப் புகார் குடுங்க. அது வேற."

மாமா நிமிர்ந்தார். மைக்ராஸ்கோப்பை உடைத்துவிடுவார் என்று நினைத்து நான் அவர் கைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "அப்ப யார அடிக்கிறதுங்க?" என்று கேட்டார். மிரட்டுகிற குரல் இல்லை. வழி தெரியாதவன் கேட்பதைப் போலக் கேட்டார்.

"அடிக்க இங்க ஆளே இல்லீங்க" என்றார் அந்த அம்மா.

வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. நடையில் வேகம். வார்டு வாசலில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்காவிடம் போய்க் குந்தினார். "யார் மேலயும் தப்பு இல்லியாம். டாக்டரம்மா காட்டிட்டாங்க. நானே கண்ணால பார்த்தேன். அது தானா வந்ததாம்."

அவர் உட்கார்ந்தது அக்காவின் இடது பக்கம். அவள் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினாள். "இன்னா?"

அவர் மறுபடியும் சொன்னார்.

"கட்டி தானா வந்துச்சு. சரி" என்றாள் அக்கா. "என் காது தானாவா போச்சு?"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாப்பா மாமாவின் தாடியைத் தொடக் கையை நீட்டினாள். அக்கா அந்தக் கையை மெதுவாக இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் என்னை எழுப்பி, "மச்சான், கூனிமேட்டுக்கு வண்டிய எடு" என்றார். எதற்கு என்று கேட்டேன். சொல்லவில்லை. கடப்பாரை இல்லாததைப் பார்த்துத்தான் எடுத்தேன். பாயின் வீட்டுக்கு முன்னால் இறங்கி, "வண்டியிலயே ஒக்காரு. எது நடந்தாலும் எறங்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் தகடு வைத்துக் கட்டியிருந்தது. முன்பற்கள் இல்லை. மாமா அவருக்கு எதிரில் போய் நின்றார்.

"பாய், உங்க பண்ணையால இல்லியாம். நான்தான் ஆரம்பிச்சேன்."

பாயின் மகன்கள் உள்ளேயிருந்து வந்தார்கள். பெரியவன் கையில் விறகுக் கட்டை இருந்தது. முதல் அடி மாமாவின் முழங்காலில் விழுந்தது. அவர் விழுந்து எழுந்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். சின்னவன் முகத்தில் குத்தினான். பெரியவன் விலாவில் அடித்தான். உப்பு மூட்டையைத் தரையில் போட்டால் கேட்குமே, அந்தச் சத்தம். நான் வண்டியிலிருந்து இறங்கி ஓடினேன். "போடா" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். வாயிலிருந்து ரத்தம் தெறித்தது. ஒரு தடவைகூட அவர் கை முன்னால் வரவில்லை. பாயின் மனைவி, "யா அல்லா, செத்துடுவான்டா, விடுங்கடா" என்று கதறிக்கொண்டு மகன்களுக்கும் அவருக்கும் நடுவில் வந்து விழுந்தார்.

அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த பாய் சொன்னார்: "போதும். உசுரோட அனுப்புங்க. கோர்ட்ல நின்னு இதையே சொல்லட்டும்."

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் வீட்டுக்குப் போ என்றார். எங்களுக்கு முன்னால் செய்தி தெருவுக்கு வந்திருந்தது. மாமாவின் சித்தப்பா மகன் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு தடியோடு நின்றான். "நம்மாள அடிச்சி அனுப்பியிருக்கானுங்க. வாங்கடா கூனிமேட்டுக்கு" என்று கத்திக்கொண்டிருந்தான். மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினார். நிமிர முடியவில்லை. விலா உடைந்திருந்தது. நொண்டிக்கொண்டு அவன் எதிரில் போய், மிச்சமிருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அவன் தடி கீழே விழுந்தது.

"அங்க ஆரம்பிச்சது நான். இங்க ஆரம்பிக்கிறது நீயா இருக்காத" என்றார். அப்புறம் தெருவிலேயே மயங்கி விழுந்தார்.

அன்று யாரும் கூனிமேட்டுக்குப் போகவில்லை. அவர் கூனிமேட்டுக்காரர்கள் மேல் புகாரும் கொடுக்கவில்லை. மாடியிலிருந்து விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் எழுதச் சொன்னார். அவர் வீட்டுக்கு மாடியே கிடையாது.

கேஸ் வந்தபோது வக்கீல் எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லச் சொல்லிக்கொடுத்திருந்தார். கூண்டில் ஏறி நின்ற மாமா நீதிபதி கேட்டு முடிப்பதற்குள், "நான்தாங்க அடிச்சேன். அவரு ஒண்ணும் பண்ணல" என்றார். வக்கீல் தலையில் கையை வைத்துக்கொண்டார். தண்டனை விழுந்தது. கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அக்கா ஒரு தடவையும் வரவில்லை. பாப்பாவை அழைத்து வரச் சொல்லி அவர் கேட்டதும் இல்லை. "எத்தினி ஊசி மிச்சம் இருக்குது?" என்று மட்டும் கேட்பார். மிச்சமில்லை என்று நான் சொன்ன நாளில் வலைக்கு அந்தப் பக்கமே தரையில் விழுந்து கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை.

வெளியே வந்த நாளில் அவர் முதலில் வந்தது அக்கா குடியிருந்த வீட்டுக்குத்தான். அவள் அப்போது எங்கள் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் தனியாக இருந்தாள். உப்பு பாக்கெட் போடுகிற கம்பெனியில் வேலை. பாப்பாவுக்கு முடி வளர்ந்து சுருள் சுருளாக இருந்தது. அவளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

"யாரும்மா இது?"

"உங்கப்பா" என்றாள் அக்கா. தட்டில் சோறு போட்டு வைத்தாள். அவர் சாப்பிட்டார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ஒரு கிட்னியோடு அவள் நன்றாகவே இருப்பாள் என்று டாக்டர் சொன்னதை அக்கா சொன்னாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கை கழுவிவிட்டு வாசலில் நின்று கேட்டார்.

"இங்கயே வந்துடட்டுமா?"

"வேணாம்" என்றாள் அக்கா.

நான் எழுந்து நின்றேன். பழக்கம். அவர் என்னைப் பார்த்துவிட்டு, உட்காரு என்று கையைக் காட்டினார். பாப்பாவைத் தொடலாமா என்று அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். குழந்தையின் உச்சியில் ஒருமுறை தடவிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். அந்த வாரமே வேதாரண்யம் பக்கம் ஓர் உப்பளத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்.

அங்கே அவர் சண்டைக்குப் போனாரா, யாரையாவது அடித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் போனில் கேட்டதில்லை. போன வருஷம் கோடையில் அங்கிருந்து ஒருவர் கூப்பிட்டார். லாரி மேல் நின்று மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் கொடுப்பதற்குள் முடிந்துவிட்டது. நான் போய் உடலைக் கொண்டுவந்து அவர் அண்ணன் வீட்டு வாசலில் இறக்கினேன்.

அக்கா வரமாட்டாள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வெயில் சாய்கிற நேரத்தில் வேலை முடித்து, உடம்பெல்லாம் உப்புத் தூளோடு வந்தாள். கூட்டம் விலகியது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அவள் அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, போர்வைக்குள் கையை விட்டு அவருடைய வலது கையை வெளியே எடுத்தாள். தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்து விரலுக்கு விரல் பொருத்திப் பார்த்தாள். அவள் விரல்கள்தான் சற்று நீளமாக இருந்தன.

"டேய்" என்று என்னைக் கூப்பிட்டாள். "இவ்ளோ சின்னக் கையாடா இது?"

நான் பதில் சொல்வதற்குள் போர்வையை இழுத்து அந்தக் கையை மூடிவிட்டாள்.